பாதி வழியில் நின்றுவிடும் முச்சக்கரவண்டி: உதவி தேவை

வீட்டு வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ளான பெண்களை ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லும் எங்கள் சிறிய அமைப்பின் ஒரே வாகனமான நான்கு ஸ்ட்ரோக் பெற்றோல் முச்சக்கரவண்டி, மூன்று வாரங்களாக வழியிலுள்ள தண்ணீரூற்று என்ற ஊரை நெருங்கும்போது சூடேறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறிய பின்னரே மீண்டும் இயங்குகிறது. பிளக்கை மாற்றினோம், காபரேற்றரைக் கழுவினோம், பெற்றோல் பில்டரும் புதிது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளைக்கான விசாரணை 14 நாட்களுக்குள் வந்துவிடுவதால், ஒரு தவணையையும் தவறவிட இயலாது. கடந்த செவ்வாயன்று ஒரு தாய், வழக்குக் கடதாசிகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்தபடி, தெரிந்தவர் எவரும் கண்டுவிடுவாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே வீதியோரத்தில் காத்திருந்தார். அவரைப் பேருந்தில் ஏற்றிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

சூடேறியதும் பிளக்கில் பொறி வருவதில்லை என்பதால், நாங்கள் அடுத்து மாற்றவேண்டியது பொறிக்கான மின்னழுத்தத்தைக் கூட்டும் இக்னிஷன் கொயிலையா, பொறி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியையா?