டொமேட்டோ க்ளவுன் மீன் ஜோடி சேர மாட்டேங்குது, புதுசா விட்டதைக் கொல்லப் பாக்குது. அவசர உதவி வேணும்

கோட்டாறு தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் கோட்டாறுல வீடு. 3 அடி தொட்டி, கிட்டத்தட்ட 190 லிட்டர், உப்புத்தண்ணி ஓட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னையிலேர்ந்து ஒரே ஒரு டொமேட்டோ க்ளவுன் இருக்கு, இப்ப மூணரை இஞ்ச். மண்சட்டி ஒண்ணைச் சாய்ச்சு வச்சிருக்கேன், அதுதான் அதுக்கு வீடு. கண்ணாடி துடைக்கக் கை விட்டா என் விரலையே வந்து கடிக்கும்.

தனியாக் கிடக்கேன்னு போன ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு வாங்கிட்டு வந்தேன். "ஒரே சைஸா இருந்தாத்தான் அடிச்சுக்காது"ன்னு கடையில சொன்னாங்க, அதனால மூணு இஞ்ச் பாத்து எடுத்தேன். விட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, வாயோட வாய் கவ்விக்கிட்டு ரெண்டும் சுத்துது. இப்ப புதுசு பம்புக் குழாய்க்குப் பின்னால மேல் மூலையில ஒட்டி நிக்கு. வால் நுனி நார் நாராக் கிழிஞ்சிருக்கு, ரெண்டு நாளாத் தீனி எடுக்கல. தண்ணியைச் சோதிச்சா அமோனியா 0, நைட்ரைட் 0, உப்பு அடர்த்தி 1.025, சூடு 27 டிகிரி. மருந்து ஏதாவது விடணுமா? காலையில எழும்பும்போது செத்துக் கிடக்குமோன்னு பயமா இருக்கு.

தக்கலை மீன்பிரியன்:
காப்பர் மருந்து ரெண்டு சொட்டு விடுங்க தம்பி, புண்ணு ஆறிரும்.

குளச்சல் அக்கா:
தம்பி, காப்பரைத் தொட்டிக்குள்ள விட்டுராத. இறால், நத்தை எல்லாம் போயிரும், கல்லும் அதை உறிஞ்சி வச்சுக்கும். கிழிஞ்ச வாலுக்கு மருந்து சுத்தமான உப்புத்தண்ணிதான்.

முதல்ல புதுசைப் பிரி. காய்கறி கழுவுற கண்ணு வச்ச பிளாஸ்டிக் கூடை புதுசா ஒண்ணு வாங்கி, சோப்புப் படாமக் கழுவி, பம்பு ஓட்டம் படுற இடத்துல தொங்க விடு. விளிம்பு தண்ணிக்கு மேல நாலு விரல் நிக்கட்டும், மேல வலையும் போடு. இல்லன்னா ராத்திரி வெளிய சாடிரும்.

அடுத்தது, ஒரே சைஸுன்னு கடையில சொன்னது நேர் தலைகீழ். க்ளவுன்ல பிறக்கும்போதே பொம்பளைன்னு ஒண்ணு கிடையாது. கூட்டத்துல எது பெருசோ அது பெண்ணாகும், அதுக்கு அடுத்தது ஆண், மத்ததெல்லாம் வளராம அடங்கிக் கிடக்கும். பெண் செத்தா ஆண் பெண்ணா மாறும். பெண்ணானது மறுபடி ஆணாகாது. ரெண்டு வருஷம் தனியா ஆண்டது பெண்ணாத்தான் இருக்கும். மூணு இஞ்ச்ல வந்ததும் பெண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு பெண்ணு ஒரே தொட்டியில இருந்தா ஒண்ணு சாகுற வரைக்கும் அடி நிக்காது.

ஒண்ணு மட்டும் சொல்லு. அடி வாங்கும்போது புதுசு உடம்பை வெடவெடன்னு நடுக்குச்சா?

கோட்டாறு தம்பி:
இல்லக்கா. நடுக்கமே இல்ல, திரும்பித் திரும்பிக் கடிக்கப் போச்சு. கூடையில போட்டாச்சு. கொஞ்சம் மூச்சு அடங்கியிருக்கு.

குளச்சல் அக்கா:
அப்போ சந்தேகமே வேண்டாம், ரெண்டும் விட்டுக்குடுக்காது. வால் ஆறினதும் கடையில மாத்திக்க. ஒண்ணேகால் இஞ்சுக்கு மேல எடுக்காத. டொமேட்டோல சின்னதுக்கு தலைப்பட்டை போக நடு உடம்புலயும் வெள்ளைக்கோடு இருக்கும், வளர வளரத்தான் மறையும். அந்தக் கோடு இன்னும் தெரியுற குட்டியாப் பாரு. விழிஞ்ஞத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனக்காரங்க க்ளவுனைப் பொரிக்க வச்சிருக்காங்க. அந்த மாதிரி பொரிப்பகத்துல வளர்ந்த குட்டி கிடைச்சா ரொம்பக் கொள்ளாம், கடல்ல பிடிச்சதைவிட தீனிக்குச் சீக்கிரம் பழகும்.

ராஜாக்கமங்கலம் அண்ணன்:
அக்கா சொன்னதுதான் சரி. ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லுதேன். வால் ஆற அடிக்கடி தண்ணி மாத்துவீங்க. கடல்தண்ணி அள்ளுறதா இருந்தா மழைக்குப் பிறகு மணக்குடி பொழிமுகத்துப் பக்கம் (ஆறு கடல்ல சேருற இடம்) போகாதீங்க, பழையாத்துத் தண்ணி கலந்து உப்பு இறங்கியிருக்கும். எங்க அள்ளினாலும் வீட்டுல அளந்து பாத்துட்டு ஊத்துங்க.

புதுக் குட்டியைத் திறந்து விடுற அன்னைக்கு கல்லையும் சட்டியையும் இடம் மாத்தி வைங்க. பழசுக்குத் தன் இடம் எதுன்னு தெரியாமக் கொஞ்சம் குழம்பும், அந்த நேரம் குட்டிக்கு ஒளிய வழி கிடைக்கும்.

கோட்டாறு தம்பி (மூணு வாரம் கழிச்சு):
மாத்திட்டேன்க்கா. ஒரு இஞ்ச்தான், நடுக்கோடு நல்லாத் தெரியுது. பத்து நாள் கூடையில வச்சிருந்தேன். முதல் நாலு நாள் பெருசு கூடைக் கண்ணுல மூக்கை வச்சு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆறாம் நாள் இடிக்கிறதை விட்டுட்டு கூடைக்குக் கீழயே வந்து தூங்குச்சு. நேத்து சாயந்திரம் சட்டியை மாத்தி வச்சு, லைட்டை அணைச்சுட்டுத் திறந்துவிட்டேன்.

இப்ப வேற பயம். பெருசு பக்கத்துல வந்தா குட்டி ஒருபக்கமாச் சாஞ்சு, தலையிலேர்ந்து வால் வரைக்கும் வலிப்பு வந்த மாதிரி வெட்டுது. ரெண்டு மூணு நொடிதான், அப்புறம் சாதாரணமா நீந்துது. ஏதும் நோயா?

குளச்சல் அக்கா:
மக்களே, நான் அன்னைக்குக் கேட்ட நடுக்கம் இதுதான்! "நீ பெருசு, நான் அடங்கிட்டேன்"னு குட்டி சொல்லுது. இதைப் பாத்த பிறகு பெருசு கடிச்சாலும் ஒரு தட்டோட விட்டுரும். நோய்ன்னா பெருசு பக்கத்துல இல்லாதப்பவும் இருக்கும், மேல்மூச்சு வாங்கும், உடம்புல வெள்ளையாச் சளி மாதிரி படியும். அப்படி ஏதாவது இருக்கா?

கோட்டாறு தம்பி:
ஒண்ணும் இல்லக்கா. காலையில இறால் துண்டு போட்டேன், குட்டி முதல்ல வந்து எடுத்துச்சு. பெருசு ஒரு விரட்டு விரட்டிச்சு, உடனே குட்டி வெட்டிக் காட்டிச்சு, அது திரும்பிப் போயிட்டு. கண்ணு கலங்கிட்டு அக்கா, உண்மையாச் சொல்லுதேன்.

குளச்சல் அக்கா:
கூடையைக் கழுவிப் பக்கத்துலயே வச்சுக்க. இன்னும் ரெண்டு வாரம் காலையும் ராத்திரியும் வால் நுனியைப் பாரு. புதுசாக் கிழிசல் கண்டா யோசிக்காம மறுபடி கூடைதான்.

தக்கலை மீன்பிரியன்:
காப்பர் சொன்னது தப்புதான் தம்பி, இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம் அக்கா. ஜோடி சேர்ந்தாச்சே, மூணாவதா ஒரு குட்டி விடலாமா?

குளச்சல் அக்கா:
விடாதீங்க. 3 அடி தொட்டியில அது ஒதுங்க இடம் கிடையாது. முட்டை வச்சாச்சுன்னா ரெண்டும் சேர்ந்து அடிக்கும்.