மே கடைசில ராமேஸ்வரம் வர்றோம், சாப்பாடும் கடையும் பத்தி கொஞ்சம் சொல்லுங்க

சேலத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் அப்பா அம்மா, என் வீட்டுக்காரர், ரெண்டு பசங்க எல்லாரும் ராமேஸ்வரம் வர்றோம். ரெண்டு நாள் தங்குறதா பிளான். அப்பா அவங்க அம்மா அப்பாவுக்கு திதி குடுக்கணும், அதனால அன்னைக்கு சுத்த சைவம், அம்மாவுக்கு சுகர் இருக்கு, நேரத்துக்கு சாப்பிட்டே ஆகணும். பசங்க ரெண்டு பேரும் தனுஷ்கோடில மீன் வறுவல் சாப்பிடணும்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. போன தடவை வந்தப்ப ஆட்டோக்காரர் கூட்டிட்டு போன ஒரு கடைல மீன் வாங்கி பாதிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சோம், பழைய மீன், வாய்ல வச்ச உடனே தெரிஞ்சிடுச்சு. இந்த தடவை அப்படி ஆகக் கூடாது. அப்புறம் அத்தை ஒரு வலம்புரிச் சங்கு வாங்கிட்டு வரச் சொல்லிருக்காங்க, அது எப்படி பாத்து வாங்குறது?

தங்கச்சிமடத்தான்:
அக்கா, நீங்க வர்ற நேரம் தடைக்காலம், அத மொதல்ல மனசுல வச்சுக்கங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு நிப்பாட்டி வச்சிருக்காங்க. மத்த மாசம்னா விசைப்படகு என்னைக்கு கரைக்கு வந்துச்சுன்னு கேட்டு அன்னைக்கு சாப்பிடுனு சொல்லிருப்பேன். இப்ப நாட்டுப்படகும், கரைல நின்னு இழுக்குற கரைவலையும் மட்டும்தான். அதனால ஓட்டல்ல பெரிய பெரிய துண்டு மீன் வச்சிருந்தா அது ஐஸ்ல வந்ததா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, மேக்குக் கடல்ல தடை அப்ப ஆரம்பிச்சிருக்காது, கேரளாவுல இருந்து லாரில வரும். கெட்டுப் போனதுனு சொல்லல, ஆனா தீவுக்கு வந்துட்டு அத எதுக்கு சாப்பிடணும்?

கடைல போய் "ஐஸ் மீனா, நாட்டுப்படகு மீனா"ன்னு நேரா கேளுங்க, ஒளிக்க மாட்டாங்க. நகரை, ஊளி, முரல், விளமீன், நண்டு, கணவாய் இதெல்லாம் நாட்டுப்படகுல வரும். தனுஷ்கோடில கொட்டகை போட்ட கடைல மசாலா தடவி செவச்செவன்னு தட்டுல அடுக்கி வச்சிருப்பாங்க, கண்ணுக்கு அழகா இருக்கும், அத எடுக்காதீங்க. மசாலா தடவினா செவுளும் தெரியாது கண்ணும் தெரியாது. தடவாத மீன காட்டச் சொல்லுங்க, செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்தச் செவப்பா இருக்கணும், கண்ணு முட்டிக்கிட்டு இருக்கணும், விரல வச்சு அமுக்கினா குழி விழாம மேல வரணும். எடுத்து உங்க கண்ணு முன்னாடி கீறி மசாலா போட்டு எண்ணெய்ல விடச் சொல்லுங்க, கால் மணி நேரம் ஆகும் அவ்ளோதான். ரேட்ட மட்டும் அடுப்புல போடுறதுக்கு முன்னாடியே பேசிருங்க.

காலைலயே தனுஷ்கோடி போனீங்கன்னா கரைவலை இழுக்குறத பாக்கலாம், ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு கயித்த இழுத்துக்கிட்டே பின்னாடி நடப்பாங்க, வலையோட மடி கரைக்கு வர்றப்ப சூடை மீனும் முரலும் துள்ளும். பசங்களுக்கு ரொம்ப புடிக்கும்.

வருஷாவருஷம்:
நான் பதினைஞ்சு வருஷமா ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வர்றவன், சைவச் சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்றேன் மா. அப்பா அக்னி தீர்த்தத்துல குளிச்சு தர்ப்பணம் முடிச்சு, அப்புறம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாத்திட்டுதான் சாமி பாக்க விடுவாங்க, இது எல்லாம் முடிய கூட்டத்தப் பொறுத்து மூணு நாலு மணி நேரம் ஆயிடும். அம்மாவ அவ்ளோ நேரம் வெறும் வயித்தோட நிறுத்தாதீங்க. அவங்கள ரூம்லயே இட்லி சாப்பிட வச்சு மாத்திரை குடுத்துட்டு நேரா சாமி தரிசனத்துக்கு வரச் சொல்லுங்க. தீர்த்தம் ஆடுற வழி பூரா தரை தண்ணியா கிடக்கும், வயசானவங்க வழுக்கி விழுந்தத நானே பாத்திருக்கேன், அப்பா கைய விடாதீங்க. நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத்தான் தொறக்கும், அதுக்கு ஏத்த மாதிரி பாத்துக்கோங்க.

ரத வீதி நாலுலயும் சன்னதி தெருலயும் பெரும்பாலும் சைவம்தான், வடநாட்டு யாத்ரீகர்கள் ஜாஸ்தி வர்றதால ரொட்டி சப்ஜி போடுற கடை நிறைய இருக்கு, அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு சப்பாத்தி அங்க சுலபமா கிடைக்கும். மதியம் மெஸ் எதுன்னு பேர் பாக்காதீங்க, உள்ளூர்க் கடைக்காரங்க எங்க பார்சல் வாங்குறாங்கன்னு பாருங்க, ரத வீதியில பூக்கடைக்காரம்மாகிட்ட கேட்டுத்தான் நான் என் மெஸ்ஸ கண்டுபுடிச்சேன். கோயில்லயே அன்னதானமும் இருக்கு, திதி குடுத்த அன்னைக்கு அங்க உக்காந்து சாப்பிட்டா அப்பாவுக்கு மனசு நிறையும்.

சங்குக்கடை:
தங்கச்சி, எங்க குடும்பம் மூணு தலைமுறையா சங்கு அறுக்குற வேலை. வலம்புரி பத்தி வெளிப்படையா சொல்றேன். நம்ம கடல் சங்கு லட்சக்கணக்குல எடுத்தாலும் வலம்புரி ஒண்ணு கிடைக்குறதே அபூர்வம், தெருவோரக் கடைல வரிசையா அடுக்கி வச்சு விக்கிற பொருள் இல்ல அது. அப்படி விக்கிறதுல நிறைய அமெரிக்கக் கடல்ல கிடைக்குற வேற ஒரு சங்கு இனம், அது பிறவியிலயே வலம்புரி மாதிரிதான் சுத்தும். வித்தியாசம் பாக்கணும்னா வாய் வழியா உள்ள நடுத்தண்டப் பாருங்க, நம்ம சங்குல மூணு நாலு மடிப்பு மேடு மேடா இருக்கும், அந்த அமெரிக்கச் சங்குல வழவழன்னு இருக்கும், மடிப்பு இருக்காது. அத்தைக்கு பூஜைக்குத்தானே, நல்ல இடம்புரிச் சங்கே வாங்கிக் குடுங்க, ஊதிப் பாத்து வாங்குங்க.

பவளப்பாறைத் துண்டு, ராமர் பாலத்து மிதக்குற கல்லுனு யாராவது நீட்டினா கைல வாங்காதீங்க. பவளம் 2001ல இருந்து வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்குற அதே முதல் பட்டியல்ல இருக்கு, வச்சிருந்தாலே கேஸ். இதுக்குப் பதிலா பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி வாங்குங்க, அதுதான் இந்தத் தீவுக்காரங்க கைக்குப் போற காசு. மே மாசம் நுங்கும் கிடைக்கும்.

சேலத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, செவுள் பாக்குறது இவ்ளோ நாளா எனக்குத் தெரியாது. அம்மாவ தனியா அனுப்புறது நல்ல யோசனை அண்ணா, நான் அத யோசிக்கவே இல்ல. இன்னொண்ணு, தங்கச்சிமடத்துல மல்லிகை நாத்து கிடைக்கும்னு சொல்றாங்களே, வழியிலயா?

தங்கச்சிமடத்தான்:
ஆமாக்கா, பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் வர்ற ரோட்டுலயே எங்க ஊரு. இந்த மணல்ல குச்சி சீக்கிரம் வேர் விடும், தமிழ்நாடு பூரா இங்க இருந்துதான் நாத்து போகுது. வர்றப்ப வாங்காதீங்க, ரெண்டு நாள் ரூம்ல கிடந்தா வாடிரும், ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு வாங்கி ஈரச் சாக்குல சுத்தி கார்ல நிழல்ல வைங்க. சேலம் போன உடனே வெயில்ல நடாம நாலு நாள் தொட்டில நிழல்ல வச்சு தண்ணி தெளிச்சிட்டு அப்புறம் நடுங்க. தனுஷ்கோடிய காலைலயே முடிச்சிருங்க, இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க, குடிக்கத் தண்ணி கைலயே எடுத்துட்டுப் போங்க.