ஆப்ட் அப்டேட்: ‘ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் யெட்’ பிழை, ராஸ்பெர்ரி பை 3

கேள்வி (கோத்தகிரி):
தேயிலை நாற்றங்காலில் வெப்பநிலை பதிவுக்கு ஒரு பை 3 (சின்ன கணினி போர்டு), அதில் புக்வோர்ம் பதிப்பு இயங்குதளம். மழையில் கம்பி அறுந்து ஒரு வாரம் கரண்ட் இல்லை. வந்த பிறகு, மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால், ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தலைப்பில் உள்ள பிழை. நெட் ஓடுகிறது. சோர்சஸ் லிஸ்டை (எந்த சர்வரிலிருந்து எடுப்பது என்ற பட்டியலை) மாற்றணுமா?

பதில் (குன்னூர்):
லிஸ்டைத் தொடாதீங்க. பையோட கடிகாரம்தான் பின்தங்கி நிற்குது. பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரச் சில்லு கிடையாது. மணிக்கொரு தடவை நேரத்தை எஸ்டி கார்டில் எழுதி வைச்சு, பூட் ஆகும்போது அதையே எடுத்துக்கும். ஒரு வாரம் அணைஞ்சு கிடந்தா ஒரு வாரம் பின்னாடி. ரெப்போவின் (பேக்கேஜ் சர்வரின்) ரிலீஸ் ஃபைல் தேதி அதுக்குப் பிந்தியது, அதனால ஆப்ட் ஏத்துக்காது.

‘டைம்டேட்சிடிஎல்’ அடிச்சுப் பாருங்க. ‘சிங்க்ரனைஸ்டு: நோ’ன்னா, பெரும்பாலும் ரவுட்டரோ ஃபயர்வாலோ நெட்டிலிருந்து நேரம் எடுக்கிற யூடிபி 123 போர்ட்டைத் தடுக்குது, அதைத் திறக்கணும். இப்போதைக்கு ‘சூடோ டேட் மைனஸ் எஸ்’, பிறகு மேற்கோள் குறிக்குள் ஆண்டு-மாதம்-நாள், ஒரு இடைவெளி, மணி:நிமிடம்னு அடிச்சு நேரத்தைக் கையால வைங்க. உடனே அப்டேட் ஓடும்.

ஆப்ட்டின் தேதிச் சோதனையை அணைச்சுடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பழைய பேக்கேஜ் பட்டியலை யாரும் உங்க தலையில் கட்டாம காக்கிறதே அந்தச் சோதனைதான்.

கேள்வி (கொடைக்கானல்):
எனக்குத் தேதி சரி. சோர்சஸ் லிஸ்டில் ராஸ்பியன் (பையின் இயங்குதளம்) வரிக்கு மட்டும் 404, அதாவது ‘கோப்பு இல்லை’ பிழை. என்னிடம் இருப்பது பஸ்டர் பதிப்பு.

பதில் (குன்னூர்):
இது வேற விஷயம், நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 2019-ல் வந்த பஸ்டரைப் பழைய தொகுப்புக்கு மாத்திட்டாங்க. அந்த வரியில் சர்வர் பெயரை ‘லெகஸி.ராஸ்பியன்.ஆர்க்’ ஆக்குங்க, மத்ததை விட்டுடுங்க. ஆனா பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. தரவை எடுத்து வைச்சுட்டு வேற கார்டில் புதுப் பதிப்பு போடுறதுதான் சரி.

கேள்வி (கோத்தகிரி):
நேரம் வைத்ததும் அப்டேட் ஓடிவிட்டது, நன்றி. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்ட் அடிக்கடி போய்விடும். நிரந்தரமாக என்ன செய்வது?

பதில் (குன்னூர்):
டிஎஸ்3231 மாட்யூல் (பேட்டரியில் ஓடுற கடிகாரச் சில்லு) ஒண்ணு மாட்டுங்க. பின் 1-ல் 3.3 வோல்ட், 3-ல் எஸ்டிஏ (தரவுக் கம்பி), 5-ல் எஸ்சிஎல் (துடிப்புக் கம்பி), 9-ல் கிரவுண்ட். ராஸ்பி-கான்ஃபிக் அமைப்பு மெனுவில் ஐ2சி (இந்தக் கம்பிகள் பேசுற முறை) ஆன் பண்ணி, கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே வரியை டிஎஸ்3231 பெயரோடு சேருங்க. கார்டில் நேரம் எழுதி வைக்கிற ‘ஃபேக்-எச்டபிள்யூகிளாக்’ பேக்கேஜை நீக்கிடுங்க. பலரும் கோட்டை விடுறது இங்கேதான்: ‘எச்டபிள்யூகிளாக்-செட்’ ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்குற நிரல்) இருந்தா வெளியேறச் சொல்ற மூணு வரி இருந்தா, ஒவ்வொன்றுக்கும் முன்னாடி # போட்டு அதை ஓடாம பண்ணணும். விட்டா சில்லில் நேரம் இருந்தும் பை படிக்காது. நேரம் சரியா இருக்கும்போது ‘சூடோ எச்டபிள்யூகிளாக் மைனஸ் டபிள்யூ’ ஒரு தடவை அடிச்சு, அதைச் சில்லில் எழுதிடுங்க.

5 வோல்ட் பின்னில் மட்டும் கொடுக்காதீங்க. மலிவு மாட்யூல்களில் சார்ஜ் சர்க்யூட் இருக்கு. சார்ஜ் ஏறக் கூடாத சிஆர்2032 பட்டன் செல்லுக்கும் அது ஏத்தும், செல் உப்பிடும்.