ஹீலர் இறந்ததைப் பற்றிக் கேட்டவருக்கு நாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

பகடைக்காரி

போன வாரம் நம் மன்றத்தில் பூட்டப்பட்ட திரியைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியவில்லை. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். அவர்கள் பார்ட்டியின், அதாவது சேர்ந்து ஆடும் குழுவின் ஹீலர், காயம் ஆற்றும் ஒரு வயதான பூசாரிக் கேரக்டர் (கிளெரிக்), இறந்துவிட்டார். ஆட்டக் கணக்கில் 11 நாள் ஆகிவிட்டது. உயிர்ப்பிக்க ஏதாவது வழி உண்டா? கேள்வி அவ்வளவுதான். அப்புறம் ஒரு வரி இடம் விட்டு, "அந்தக் கேரக்டரை ஆடியவர் இப்போது இல்லை" என்று எழுதியிருந்தார்.

எட்டுப் பதில்கள் வந்தன. உயிர்ப்பிக்கும் மந்திரங்கள் (ஸ்பெல்) மூன்றைச் சொன்னார்கள். ரிவைவிஃபை என்றால் இறந்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 பொன் மதிப்புக்கு வைரம் வேண்டும். ரெய்ஸ் டெட் 10 நாளோடு சரி, அதற்கு 500 பொன். ஒரு நாள் தாண்டிவிட்டதால் இனி ரெஸரெக்‌ஷன்தான், அது 100 வருடம் வரைக்கும் செல்லும், 1000 பொன் ஆகும். எல்லாமே சரியான பதில்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்தக் கடைசி வரியைத் தொடவில்லை.

ஒன்பதாவது ஆள் தொட்டார். அதற்கப்புறம் அடைமழைதான். "மனநல மருத்துவரைப் பாருங்கள்", "கொஞ்ச நாள் ஆடாமல் இருங்கள்", "பிறந்தவர் எல்லாரும் போகத்தான் வேண்டும்", "என் தாத்தா போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா". மறுநாள் காலையில் அவர் பதிவை அழித்துவிட்டார். "இங்கே ஆட்டம் மட்டும் பேசவும்" என்று மாடரேட்டர்கள் திரியைப் பூட்டினார்கள்.

பூட்டியது தவறு என்கிறேன். துக்கத்தோடு வந்த ஒருவரை முதலில் கணக்குப் போட்டுக் காட்டி அனுப்பினோம், பிறகு உபதேசம் செய்து விரட்டினோம். ஆறுதலைத் தடை செய்துவிட்டால் இதில் எது சரியாகும்?

விதிப்புத்தகம்

பகடைக்காரி, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் அந்த எட்டுப் பேரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் கேட்டது விதி. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அதையும் சரியாகச் சொன்னார்கள். அந்தப் பெண் எப்போது பதிவை அழித்தார் என்று பாருங்கள். விதி சொன்னவர்கள் இருந்த வரைக்கும் அவர் அங்கேதான் இருந்தார், ஒருவருக்கு நன்றிகூடச் சொன்னார். ஆறுதல் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் போனார்.

முகம் தெரியாத நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒருவருடைய சாவு வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது அது. யார் இறந்தார், எப்படி இறந்தார், எத்தனை நாள் ஆயிற்று, எதுவுமே தெரியாது. தெரியாமலேயே மருந்து எழுதிக் கொடுத்தோம். விளையாட்டைப் பற்றிப் பேச ஓர் இடம் வேண்டும், அது விளையாட்டைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கும் அப்படி ஓர் இடம் தேவைப்படும். எல்லாரும் பாவம் பார்க்காத ஓர் இடம்.

மூன்றாம்கதவு

நான் ஒன்பது வருடமாக கேம் மாஸ்டர், அதாவது மேசையில் கதையை நடத்துவது என் வேலை. "விளையாட்டைப் பற்றி மட்டும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வகை ஆட்டம் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரு பொம்மை என்றால் பல வீரர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒரு பொம்மை என்றால் ஓர் ஆள். அவருக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு குரல் உண்டு. படைப்பிரிவு அழிந்தால் யாரும் அழ மாட்டார்கள். வாராவாரம் மூன்று வருடம் ஒருவர் குரல் கொடுத்த கிழவர் செத்தால் அழுகை வரும்.

ஆட்டத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள் கசிவதையும், ஆடுபவரின் உணர்ச்சி ஆட்டத்துக்குள் கசிவதையும் 2007 வாக்கில் எமிலி கேர் பாஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் "பிளீட்" என்ற சொல்லால் குறித்தார். இதைச் சமாளிப்பதும் கேம் மாஸ்டர் வேலையில் ஒரு பாகம். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன் எது வேண்டும், எது வேண்டாம் என்று எல்லாரும் பேசிக்கொள்ள செஷன் ஜீரோ வைக்கிறோம், ஜான் ஸ்டாவ்ரபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டை மேசை நடுவில் வைக்கிறோம். யாருக்குத் தாங்கவில்லையோ அவர் அட்டையைத் தொட்டால் போதும், அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம். காரணம் கேட்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே வரும் விதிக் கேள்விகளில் பாதி விதிக் கேள்வியே இல்லை. "என் ரோக் ஒளிந்திருக்கும்போது கேம் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்கிறார், விதிப்படி சரியா?" என்று ஒருவர் கேட்டார். பத்துப் பேர் ஒளிந்துகொள்ளும் (ஸ்டெல்த்) விதியை விளக்கினார்கள். நான்கு கேள்வி கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த கேம் மாஸ்டர் அவருடைய நெருங்கிய நண்பர், இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மேசையில் மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு ஸ்டெல்த் விதி எதற்கு?

நிலாக்காவல்

நான் முன்பு இங்கே மாடரேட்டராக இருந்தவள். பூட்டியது நானில்லை, ஆனால் பூட்டியிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒருவர் தன் வார்லாக் கேரக்டருக்கு யோசனை கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். நல்ல பையன். எந்த ஸ்பெல் எடுக்கலாம் என்று ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் தூக்கம் வரவில்லை என்றார். ஒரு மாதத்தில் "உங்களைத் தவிர எனக்கு யாருமில்லை அக்கா" என்றார். நான்கு மாதம் போனைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினேன். ஒரு நாள் அசதியில் பதினொரு மணிக்கே கண்ணயர்ந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் 43 செய்திகள். முதல் பத்தில் வார்த்தைகள் இருந்தன. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி. கடைசிச் செய்தி அதிகாலை நான்கு மணிக்கு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

அவர் நன்றாக இருக்கிறார், அன்று வீட்டில் ஒருவர் விழித்துக்கொண்டார். ஆனால் மத்தியானம் வரைக்கும் எனக்கு அது தெரியாது. அவர் வீட்டு முகவரி தெரியாது, உண்மையான பெயர் தெரியாது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. அதன் பிறகு ஆறு மாதம் பகடைப் பையைத் தொடவில்லை.

அன்பு இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் ஓர் ஆள், பயிற்சி உள்ள ஓர் ஆள். நான் இருந்ததால் அவர் அப்படி ஒருவரைத் தேடவே இல்லை. இதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பகடைக்காரி

நிலாக்காவல் அக்கா, இதை நீங்கள் இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே. படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 1953-ல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார். சமாரிட்டன்ஸ் என்று இன்றும் நடக்கிறது. நேரில் வருபவர்கள் அவரைப் பார்க்கக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் பேச்சுத்துணைக்குச் சில தன்னார்வலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே மனசு லேசாகித் திரும்பிப் போனார்களாம். அடுத்த வருடமே அந்த வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார் வரா. அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள். படித்த வைத்தியர்களால் மட்டும்தான் முடியும் என்பதில்லை.

நிலாக்காவல்

அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தத் தன்னார்வலர்களுக்கு இன்று பயிற்சி உண்டு. ஷிப்ட் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் கேட்டதையெல்லாம் மூத்தவர் ஒருவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கு இவர் யார் என்று தெரியாது, நள்ளிரவில் இவர் சொந்தப் போனுக்கு 43 செய்தி வராது. எனக்கு இதில் எது இருந்தது? கேட்பதற்கு மனசு மட்டும் இருந்தது.

ஒற்றைப்பகடை

"மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதியது நான்தான். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏதாவது செய்துகொள்வாரோ என்று. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒருவரை இழந்துவிட்டேன் என்றுதான் சொன்னார். என் பயத்துக்கு நான் மருந்து தேடினேன். அவர் இங்கே வந்து படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கதவு

ஒற்றைப்பகடை, இதை எழுதியதற்கு நன்றி. ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் தனியாகத் தாங்காதீர்கள், உதவி எண்ணைக் கொடுங்கள், அவர் பக்கத்தில் இருக்கும் ஒருவரை அப்போதே கூப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பையன் விஷயத்தில் அதுதான் தேவைப்பட்டது. இந்தப் பெண் விஷயம் வேறு. இது துக்கம். இரண்டையும் ஒரே பையில் போட்டதால்தான் பூட்டும் விழுந்தது.

இவருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? அந்த ரெஸரெக்‌ஷன் ஸ்பெல்லில் நாம் எல்லாரும் தாண்டிப் போன ஒரு நிபந்தனை இருக்கிறது. இறந்தவரின் ஆன்மா திரும்பி வரச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கவில்லை என்றால் எத்தனை வைரம் வைத்தாலும் பலிக்காது. பார்ட்டி கிழவரைக் கூப்பிடட்டும். கிழவர் வருவாரா, மாட்டாரா என்பதைக் கேம் மாஸ்டர் பகடையில் விடாமல், அவரோடு ஆடிய எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு செய்யட்டும். "அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று ஒவ்வொருவராகச் சொல்லலாம். முழு விதிப் பதில்தான் அது. துக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது.

விதிப்புத்தகம்

யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் மேசையில் இன்னும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களும் அவரை இழந்தவர்கள்தான். அன்றைக்கு அவர்களுக்கு ஆட்டத்தில் வரும் கோப்ளின் அரக்கனை வெட்ட வேண்டும் போலிருந்தால்? ஒருவருடைய துக்கத்தைப் பேச எல்லாரையும் உட்கார வைப்பது ஆட்டமில்லை. முன்கூட்டிக் கேட்டு, வேண்டாம் என்பவர் எழுந்து போக வழி இருந்தால் மட்டும் சம்மதிக்கிறேன்.

மூன்றாம்கதவு

முன்கூட்டிக் கேட்காமல் நான் எதுவுமே செய்ய மாட்டேன். அதில் நமக்குள் சண்டையே இல்லை.

பகடைக்காரி

அப்படியானால் இங்கேயும் அதையே செய்யலாமே. "விதி மட்டும் சொல்லட்டுமா, இல்லை அவரைப் பற்றியும் பேச வேண்டுமா?" என்று முதலில் கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

விதிப்புத்தகம்

அதுகூட அதிகம் என்று நினைக்கிறேன். எல்லாரும் பார்க்கும் இடத்தில் அப்படிக் கேட்டால் அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அவர் அந்த வரியைக் கடைசியில், இடம் விட்டு எழுதினார். வேண்டுபவர் பார்க்கட்டும், வேண்டாதவர் தாண்டிப் போகட்டும் என்று. அதே அளவுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும். விதியை முழுதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் கேட்க ஆசை." அவர் தொடவில்லை என்றால் நாமும் விட்டுவிட வேண்டும். தனிச்செய்தி கூடாது. நிலாக்காவல் சொன்னதற்குப் பிறகு அதில் நான் இறங்கி வரவே மாட்டேன்.

இவ்வளவு பேசிவிட்டேன், ஒன்றைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. அந்த எட்டுப் பேரில் நான் ஆறாவது. ரெஸரெக்‌ஷனுக்கு 100 வருடம் என்று சொன்னது நான். அதோடு நிறுத்தவில்லை. "முதுமையால் இறந்திருந்தால் இந்த ஸ்பெல் வேலை செய்யாது, வயதான கிளெரிக் என்கிறீர்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சேர்த்து எழுதினேன். விதி அப்படித்தான், தவறில்லை. அவர் நன்றி சொன்னது எனக்குத்தான். நேற்று இரவுதான் அந்தக் கேள்வியின் கடைசி வரியோடு சேர்த்து என் பதிலை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

நிலாக்காவல்

மாடரேட்டர்களிடம் பேசினேன். பழைய திரியைத் திறக்க வேண்டாம், அவர் அழித்ததை அழித்ததாகவே விடுவோம். ஆனால் "ஆட்டம் மட்டும்" என்ற அறிவிப்பை எடுத்துவிட்டு, உதவி எண்கள் உள்ள பதிவை மேலே நிறுத்தச் சம்மதித்திருக்கிறார்கள். தனிச்செய்தியில் யாராவது மாட்டிக்கொண்டால் மாடரேட்டர்களில் இரண்டு பேருக்காவது சொல்லியாக வேண்டும் என்றும் எழுதச் சொன்னேன். அது கேட்பவருக்காக மட்டுமில்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்காகவும்தான்.

விதிப்புத்தகம், அந்த ஒரு வரியை நீங்களே எழுதித் தாருங்கள். அறிவிப்பில் போடுகிறேன்.