பழைய தாருக்கு ஏ.டி. டயரா, ஹெச்.டி. டயரா?

அல்சூர்வாசி:
வண்டி 2013 மாடல் மஹிந்திரா தார் ஜீப், சி.ஆர்.டி.இ. டீசல், ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வகை). கம்பெனி டயர் சைஸ் 235/70 ஆர்16. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் நகக்கீறல் மாதிரி வெடிப்பு விட்டிருக்கிறது. தேதி எண் 2216, அதாவது 2016ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்த டயர். மாற்றியே ஆக வேண்டும். வார நாட்களில் வண்டி பெரும்பாலும் பார்க்கிங்கில்தான். ஞாயிறானால் தளி, அஞ்செட்டி பக்கம். மழைக்காலத்தில் சக்லேஷ்பூரில் நண்பரின் எஸ்டேட். கடைக்காரர் இதைவிடப் பெரிய 245/75 சைஸில் ஏ.டி. (மண், ரோடு இரண்டுக்குமான டயர்) போடுங்கள், வண்டி கம்பீரமாக இருக்கும் என்கிறார். கை கடித்தால் இப்போதைக்குப் பின்னால் இரண்டு மட்டும் மாற்றலாமாம். என்ன சொல்கிறீர்கள்?

பழைய_டீசல்:
ஹெச்.டி. (ரோட்டுக்கான டயர்) போடுங்கள் சார். 2013 தாரில் ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாமல் தடுப்பது) கிடையாது, அதை மறந்துவிட்டு டயர் பேசக்கூடாது. கோடை மழையின் முதல் அரைமணி நேரம் பெங்களூர் சில்க் போர்டு பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும். அங்கே திடீரென்று பிரேக் அடித்தால் வீல் லாக் ஆகி வண்டி நேராகப் போய் முன்னால் நிற்பவரை முட்டும். ரோட்டில் நன்றாகப் பதியும் ஹெச்.டி. டயர்தான் அந்த நேரத்தில் காப்பாற்றும். ஏ.டி.யின் பெரிய பெரிய கட்டைகள் மண்ணுக்கு. அதோடு சீக்கிரம் தேயும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

செம்மண்_சாலை:
ஏ.பி.எஸ். இல்லை என்பதைச் சொன்ன அண்ணன், பின் ஆக்ஸிலில் லாக்கர் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைப்பது) இல்லை என்பதை விட்டுவிட்டார். அந்த மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப் 2015 மாடலில்தான் வந்தது. இவர் வண்டியில் சாதா டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி). எஸ்டேட் ஏற்றத்தில் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் சக்தி முழுக்க அதற்கே போய் அது வெறுமனே சுற்றும், அடுத்தது சும்மா நிற்கும். ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்ற ஆரம்பித்தால் கதை முடிந்தது. அப்போது கைகொடுக்க டயர் பிடிப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஹெச்.டி.யின் குறுகிய பள்ளங்களில் களிமண் அடைத்துக்கொண்டால் அப்புறம் அது மொட்டை டயர்தான்.

தேய்மானம் பற்றி: இவர் முதல் பதிவை இன்னொரு தரம் படியுங்கள். பட்டன் பாதிக்கு மேல் இருக்கும்போதே டயர் போய்விட்டது. இவர் டயர் தேய்ந்து சாகவில்லை, வயதாகிச் செத்தது. ஏ.டி. கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தால் இவருக்கு என்ன நஷ்டம்?

பழைய_டீசல்:
தேய்மானக் கணக்கு சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் வயது என்றால் ரப்பர் இறுகுவதும்தானே? ஈரத்தில் முதலிலேயே பிடிப்புக் குறைந்த டயர் நாலு வருஷம் கழித்து இறுகினால் எப்படி நிற்கும்? சேற்றில் சிக்கினால் ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிடும், மானம்தான் போகும். ஓசூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் வழுக்கினால் அப்படி இல்லை.

செம்மண்_சாலை:
எல்லா ஏ.டி.யும் ஒன்றில்லை அண்ணே. ரோட்டுப் பக்கம் சாய்ந்த ஏ.டி. இருக்கிறது: நடுவில் பட்டன் நெருக்கமாக, ஓரத்தில் மட்டும் இடைவெளி விட்டு, மெல்லிய வெட்டுகளோடு. நீங்கள் மனதில் வைத்துப் பேசுவது எம்.டி. வகை, சேற்றுக்கென்றே உள்ள டயர். அதை இவருக்கு நானும் சொல்லமாட்டேன்.

ஜே_சி_ரோடு:
இரண்டு பேரும் வகையைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். கடைக்காரர் சொன்ன மற்ற இரண்டு யோசனையும் அதைவிட ஆபத்து.

235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ., 245/75 சுமார் 774. ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரிசு. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் ஓடும். தரை இடைவெளியில் கிடைக்கும் லாபம் பாதிதான், 19 மி.மீ. அதற்காகக் கியர் எல்லாம் கனமாகி, மலை ஏற்றத்தில் கிளட்ச் வேகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் எங்காவது உரசவும் செய்யலாம். 15 வருஷம் முடிந்து 2028இல் ஆர்.டி.ஓ.வுக்கு ஆய்வுக்குப் போகும்போது சைஸ் பற்றிய கேள்வியும் வரலாம்.

இரண்டு மட்டும் மாற்றுவது வேண்டவே வேண்டாம். தாரில் சென்டர் டிஃபரென்ஷியல் (முன் பக்கமும் பின் பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது) இல்லை. 4ஹெச் (ஃபோர் வீல்) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். முன்னால் தேய்ந்தது, பின்னால் புதுசு என்றால் சுற்றளவு பொருந்தாது. அந்த முறுக்கு முழுக்க, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில் விழும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும், காய்ந்த ரோட்டில் சமாளிக்காது. வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே ஜாதியாக இருந்து சுழற்சியில் வரட்டும்.

அல்சூர்வாசி:
245 யோசனையை விட்டாயிற்று. 235/70இலேயே ரோட்டுப் பக்கம் சாய்ந்த ஏ.டி., ஐந்து. பணத்துக்கு அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும்; அதுவரை எஸ்டேட் பக்கம் போகவில்லை.

பழைய_டீசல்:
ஹைவேயிலும் வேகம் வேண்டாம் சார், வெடிப்பு விட்ட டயர். என் ஓட்டு இன்னும் ஹெச்.டி.க்குத்தான். எதை வாங்கினாலும் ஐந்தின் தேதி எண்ணையும் நீங்களே பாருங்கள், பில் போடும் பையனிடம் கேட்காதீர்கள். நாலு இலக்கமும் சில டயரில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். உள்பக்கமாக மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும், அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.