டென்ச்சர்: பல் செட்டா, கட்டுப்பல்லா, எயிற்றணியா?

குழுவினருக்கு வணக்கம்.

பல் மருத்துவமனை ஒன்றுக்காக நோயாளிகளின் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டென்ச்சர்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். எல்லாப் பற்களும் போனவருக்கு ஒன்று, சில பற்கள் மட்டும் போனவருக்கு ஒன்று என இரு வகை. இரண்டையும் கழற்றி மாட்டலாம். முதலில் 'பொய்ப்பல்' என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்த என் அத்தை, "தினமும் இதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன், இதைப் போய்ப் பொய் என்று எழுதுவானேன்?" என்று தாளை மடித்து வைத்துவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

-----

ஐயா, பொய் என்பதில் இழிவில்லை. தஞ்சையில் பொய்க்கால் குதிரை ஆடுகிறவரை யாரும் பொய்யர் என்பதில்லை. ஆனாலும் பல்லுக்கு 'எயிறு' என்ற பழஞ்சொல் இருக்க நாம் ஏன் அலைய வேண்டும்? 'வாலெயிறு ஊறிய நீர்' என்கிறது குறள். 'எயிற்றணி' என்போம். அணி என்றால் வரிசை, அணிவதும் அணி. இரண்டும் இதற்குப் பொருந்தும். முழு எயிற்றணி, குறை எயிற்றணி.

பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்

-----

எயிற்றணி என்றால் என் எதிரே உட்கார்ந்திருப்பவர் நகை என்று நினைப்பார். வருகிறவர்கள் 'பல் செட்' என்கிறார்கள், 'பல் கட்ட வேண்டும்' என்கிறார்கள். ஆனால் 'கட்டுப்பல்' என்று வைத்தால், பக்கத்துப் பற்களைச் செதுக்கி நிலையாக ஒட்டும் பிரிட்ஜும் அதற்குள் வந்துவிடும். கழற்றக்கூடியது என்பது தெரிந்தாக வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டிய பொருள் இது. கொதிக்கும் நீரில் போட்டால் அக்ரிலிக் கோணிவிடும்.

ஐயா காட்டிய குறளில் 'ஊறிய நீர்' என்பதை நான் விடமாட்டேன். மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்பது பெரும்பாலும் மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தால்தான். வாய் உலர்ந்தவருக்குச் சரியாக நிற்காது.

பல் மருத்துவர்

-----

அப்படியானால் 'கழற்றுபல்'. வினைத்தொகை, பகரம் மிகாது.

கல்லூரி மாணவி

-----

கட்டுச்சோற்றில் சகரம் மிகுகிறதே அம்மா, கட்டுப்பல் ஏன் கூடாது? 'கழற்றுபல்' என்றால் பிடுங்கப் போகிற பல் என்றல்லவா நோயாளி அஞ்சுவார்? இன்னொன்று: 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்கிறது தொல்காப்பியம். மேற்பல் போனவர் 'வா' என்று சொல்லும்போது கேட்டுப் பாருங்கள், காற்றுத்தான் வரும்.

தமிழாசிரியர்

-----

அது கையேட்டுக்கு உதவும் ஐயா. புதிதாகச் செட் போட்டவர்களை உரக்கப் படித்துப் பழகச் சொல்கிறோம். வகரச் சொற்களாகவே ஒரு பத்தி எழுதித் தாருங்கள்.

பல் மருத்துவர்

-----

நாளை அச்சு. நோயாளிகள் சொல்கிறபடி 'முழுப் பல் செட்', 'பகுதிப் பல் செட்' என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கழற்றி மாட்டும் பல் செட்'. அத்தைக்கும் இது சம்மதம். ஐயாவின் வகரப் பத்தி ஏழாம் பக்கத்தில் வருகிறது.

மொழிபெயர்ப்பாளர்

-----

பத்தியை அனுப்பிவிட்டேன். 'செட்' எனக்கு உடன்பாடில்லை. மறுபதிப்பு வரும்போது எயிற்றணியை மீண்டும் கொண்டுவருவேன்.

தமிழாசிரியர்