வீட்டுத் தோட்டத்தில் குளவிக்கூடு: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வேலியோரம் மண்டிக் கிடந்த செடியை ஒழுங்கு பண்ணலாம் என்று கத்தரியை எடுத்தேன். உள்ளே கூடு இருந்தது தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு வாரமாகக் குளவிகள் அந்தப் பக்கம் போய்வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கேயோ போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு கிளையை விலக்கினால், முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கூடு. சாம்பல் நிறம், ஒற்றைக் காம்பில் கவிழ்த்த குடை மாதிரித் தொங்குகிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன்மேல் பத்துப் பதினைந்து குளவிகள். அத்தனையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. றெக்கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றன. பறக்கவும் இல்லை, சத்தமும் இல்லை. கிளையை மெல்லக் கொண்டுபோய் விட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். நான் பதறிக் கையை விட்டேன். கிளை விசையோடு போய்க் கூட்டின்மேல் அடித்தது.

எனக்கு மூன்று கொட்டு. எனக்குப் பின்னால் தழை பொறுக்கிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகளுக்கு ஒன்று, இடது கண் இமையில். இரண்டு நாள் அந்தக் கண் திறக்கவில்லை. பார்வைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார், வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் அவை திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மூன்று நான்கு விநாடி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

*

பாப்பாவுக்குச் சரியானதே போதும். கண் என்றதும் எனக்குப் பகீரென்றது.

என்னுடையது வேறு மாதிரி. ஜன்னல் மூலையில் மண் உருண்டை மாதிரி ஒரு கூடு. குளவி என்றால் குளவிதானே என்று கரண்டியால் சுரண்டித் தள்ளினேன். உடைந்ததும் உள்ளிருந்து பச்சைப் புழுக்கள் விழுந்தன, ஏழெட்டு இருக்கும். செத்தவை என்று நினைத்துக் குச்சியால் தொட்டேன். ஒன்று வாயை மட்டும் லேசாக அசைத்தது. தாய்க்குளவி கொட்டி முடக்கிப் போட்டுவைக்கிறது, பொரிந்து வரும் குஞ்சு தின்பதற்காக. கொஞ்ச நேரத்தில் அது இன்னொரு புழுவோடு வந்து, கூடு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கையெட்டில் நின்றேன், என்னைச் சீண்டவே இல்லை. இந்த மண்குளவி தனியாக வாழ்வது, காக்கப் படை கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. எந்தக் குளவி என்று பாராமல் கைவைக்காதீர்கள்.

*

துணி எடுக்கும்போது உதறுங்கள். தயவுசெய்து உதறுங்கள்.

அம்மா கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மடிப்புக்குள் ஒரே ஒரு குளவி. கழுத்தில் கொட்டியது. முன்பும் இரண்டு தடவை கொட்டு வாங்கியவர், வீக்கத்தோடு போனது. அதனால் நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். ஐஸ் வைத்தேன், வீட்டில் இருந்த அலர்ஜி மாத்திரை ஒன்று கொடுத்தேன். உள்ளங்கை அரிக்கிறது என்றார். பிறகு வயிற்றைப் புரட்டுகிறது என்றார். “கொஞ்சம் பொறுங்கம்மா, மாத்திரை கேட்கட்டும்” என்று நான்தான் சொன்னேன்.

அப்புறம் அவர் பேசினார், அது அம்மாவின் குரலே இல்லை. கரகரத்து, தடித்து, யாரோ பேசுவது மாதிரி. “தொண்டையில ஏதோ பந்து மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குடி.” உதடு அப்போதுதான் வீங்க ஆரம்பித்திருந்தது.

மருத்துவமனையில் இறக்கியதும் வேறெதற்கும் காத்திருக்கவில்லை, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிஷத்தில் மூச்சு சீரானது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன், விடவில்லை. நல்லதாகப் போயிற்று. நான்கைந்து மணி நேரம் கழித்துத் தடிப்பும் இளைப்பும் திரும்ப வந்தன. மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது என்று அந்தச் செவிலியர் சொன்னார். நான் மாத்திரையை நம்பிக் காத்திருந்தது பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை. அம்மா இப்போது கையோடு ஊசி வைத்திருக்கிறார். ஒவ்வாமையைக் குறைக்கும் தொடர் ஊசியும் தொடங்கியிருக்கிறோம், மூன்றிலிருந்து ஐந்து வருஷம் போட வேண்டுமாம்.

*

நான் ராத்திரியில் பந்தம் கட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. பிள்ளைகள் விளையாடுகிற இடம், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

*

பந்தம் கட்டிய நண்பருக்கு: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னொருவர் இன்று ராத்திரியே கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணனும் ராத்திரியில்தான் ஏறினார். மரப்பொந்தில் கதண்டு, அதுதான் பெரிய விஷக்குளவி. ஏணியில் அண்ணன், கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நான். முதல் குச்சி பட்டதும் உறுமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகு அந்த வெளிச்சத்தின் வழியாகவே இறங்கி வந்தன, நேராக என் கைக்கு. டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினேன். இருட்டில் அண்ணன் ஏணியோடு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. மணிக்கட்டு உடைந்தது. நாற்பதுக்கு மேல் கொட்டு. மறுநாள் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. நஞ்சு தசையை அரித்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று சொல்லி ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கே இந்தக் கதி. அதனால் பத்துக்கு மேல் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னும் சில சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். கொட்டியதும் விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள், வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொடுக்கைத் தேடி நோண்டாதீர்கள். கொட்டினால் கொடுக்கை விட்டுச் செல்வது தேனீ, குளவி கொடுக்கோடு பறந்துபோய்த் திரும்பவும் கொட்டும். அடித்து நசுக்காதீர்கள், பல இனங்களில் நசுங்கிய குளவியிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றைக் கூப்பிட்டுவிடும். தரையில் ஒரு துளை வழியாகப் போய்வந்தால் மண்ணைப் போட்டு அடைக்காதீர்கள், வேறு பக்கம் குடைந்துகொண்டு வரும், சுவருக்குள் இருந்தால் வீட்டுக்குள்ளேயே வரும். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். அந்த இடத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்ட வேண்டாம், அதிர்வே போதும் அவற்றைக் கிளப்ப. துரத்தினால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, கதவுக்குள் போய்ச் சாத்துங்கள். கூட்டை எடுக்க, அதற்கென்றே உடையும் பழக்கமும் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

*

எல்லோரும் எடுப்பது, அழிப்பது பற்றியே பேசுகிறீர்களே. எங்கள் வேலிக் கம்பத்தில் ஒரு குளவி தினமும் வந்து மரத்தைச் சுரண்டும். காதைக் கிட்டே வைத்தால் சரக் சரக் என்று கேட்கும், அது போன பிறகு கம்பத்தில் நகக்கீறல் மாதிரி வெளுத்த கோடு. அந்த மரத்தூளை மென்றுதான் கூடு கட்டுகிறது. மரத்திலிருந்து காகிதம் செய்யலாம் என்று 1719-இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் சொன்னதே இந்தக் குளவிகளைப் பார்த்துத்தான். என் செடியில் இந்த வருஷம் இலைப்புழு குறைந்ததும் இவற்றால்தான் என்று நம்புகிறேன், குஞ்சுகளுக்குப் புழுவைத்தான் கொண்டுபோகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத மூலை என்றால் விட்டுவிடலாமே. குளிர்ப் பிரதேசங்களில் பனிக்காலத்தில் கூடு தானாகவே காலியாகிவிடும்.

*

முதலில் எழுதியவன்தான். வேலிக் கம்பத்தைப் பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொல்வது எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் என் மகளின் கண்ணைப் பார்த்திருந்தால் “விட்டுவிடலாமே” என்று என்னிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆள் கூப்பிட்டு எடுத்தாயிற்று. அந்தி சாய்ந்து எல்லாம் அடங்கிய பிறகு வந்தார்கள், கால் மணி நேர வேலை. காலிக் கூட்டைக் கையில் கொடுத்தார்கள். எடையே இல்லை. சில அறைகளின் வாயில் வெள்ளைப் பட்டு மூடி இன்னும் இருந்தது.

மகள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. நேற்று சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள்: “அப்பா, எல்லாம் நம்மளத் திரும்பிப் பாத்துச்சே, நீங்க பாக்கலையா?”

பார்த்தேன் என்று சொன்னேன்.